இலையுதிர் காலமும் ஆப்பிள் தோட்டமும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இலையுதிர் காலம் தொடங்கியதும், டொராண்டோவுக்கு வெளியே உள்ள ஓர் ஆப்பிள் தோட்டத்துக்கு எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் தவறாமல் செல்கிறது. நுழைவாயிலில் பையை விலைக்கு வாங்கிக்கொண்டு, நாமே மரத்திலிருந்து பறித்து நிரப்பிக்கொள்ளலாம். செப்டம்பர் நடுவில் மெக்கின்டோஷ் என்ற ஆப்பிள் இனம் பழுத்துவிடும். 1811இல் இதே மாகாணத்தின் டண்டெலாவில் ஜான் மெக்கின்டோஷ் என்ற விவசாயி கண்டெடுத்த கன்றுகளிலிருந்து பரவிய இனம் அது என்பதால், மரத்தடியில் நின்றபடியே அதைக் கடித்துச் சுவைப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

பழத்தைப் பிடித்து இழுக்காமல், உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் திருப்பினால் காம்போடு கழன்று வரும் என்றும், இழுத்தால் அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய மொட்டும் ஒடிந்துவிடும் என்றும் பணியாளர் ஒருவர் என் மகளுக்குப் பொறுமையாகச் செய்து காட்டினார். இந்த ஆண்டு அவள் அதையே தன் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தாள். டிராக்டர் வண்டிச் சவாரிக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றது பெருங்குறை. சிறு பிள்ளைகளோடு செல்வோர் காலையிலேயே போய்விடுவது நல்லது. பூசணிக்காயின் விலையும் சற்று அதிகம்தான். ஆனால் கோடையின் புழுக்கமும் கொசுத்தொல்லையும் ஓய்ந்த குளிர்காற்றில், சிவந்த மேப்பிள் மரங்களின் கீழ் அமர்ந்து அம்மா கட்டித்தந்த புளியோதரையை எல்லோரும் பகிர்ந்துண்ட அந்த மதியத்துக்காகவே அடுத்த ஆண்டும் அங்கே செல்வோம்.