காலை எடுப்பதா வேண்டாமா: ஒசூர் நாய் மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு நாட்கள்

காவேரிப்பட்டணத்துக்கு அருகில் எங்களுக்கு ஏழு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூராவும் செந்தூராவும் நிற்கும் அந்தத் தோப்புக்கு எட்டு ஆண்டுகளாகக் காவல் இருப்பவன் வீரா என்ற ராஜபாளையம் நாய். சென்ற மாசி மாதக் கடைசியில் அவனுடைய வலது முன்னங்காலை, ஒசூரில் உள்ள ஒரு தனியார் நாய் மருத்துவமனையில் எடுத்தோம். அந்த மருத்துவமனையில் நிறைவும் உண்டு, குறையும் உண்டு என்பதால் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுகிறேன். அறுவை சிகிச்சை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய பன்னிரண்டு நாட்களில் அவர்கள் எங்களை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி.

பொங்கல் முடிந்த வாரத்தில் வீரா காலைத் தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கினான். தோப்பு நாய் என்பதால் வேலிக்காத்தான் முள்ளாக இருக்கும் என்று நினைத்துப் பாதம் முழுவதும் தேடினோம், ஒன்றும் இல்லை. அரசு கால்நடை மருந்தகத்தில் வலிக்கு ஊசி போட்டார்கள். பத்து நாள் நன்றாக நடந்தான். பிறகு மீண்டும் தாங்கினான். வலி மருந்துக்கு அடங்கிப் பின்பு திரும்பி வரும் நொண்டலை, ஏழு வயதைத் தாண்டிய பெரிய இன நாயிடம் கண்டால் உடனே எக்ஸ்-ரே எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, புளியங்கொட்டையைத் தோலுக்குள் வைத்துத் தைத்ததுபோல் கெட்டியாக ஒரு வீக்கம் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மாமா, “எலும்பு நகர்ந்திருக்கும் மாப்ள, புத்தூருக்குக் கொண்டு போய் ஒரு கட்டு போட்டா சரியாயிடும்” என்றார். எங்கள் பக்கத்தில் மனிதர்களுக்குக் கைகால் முறிந்தாலே ஆந்திராவின் புத்தூர் நினைவுதான் முதலில் வரும் என்பதால் நானும் பாதி மனத்தோடு வண்டி பேசியிருந்தேன். அரித்துப்போன எலும்பை இழுத்து நீவிக் கட்டியிருந்தால் அங்கேயே முறிந்திருக்கும்.

ஒசூர் மருத்துவமனையில் முதலில் எனக்குப் பிடித்தது, எக்ஸ்-ரே படத்தை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகாமல், மருத்துவர் அம்மையார் கணினித் திரைக்கு முன்னால் எங்களை உட்கார வைத்து இடது காலையும் வலது காலையும் அருகருகே காட்டியது. இடது காலில் எலும்பின் ஓரம் கோடு கிழித்ததுபோல் தெளிவாக இருந்தது. வலது காலில் அதே இடம் செல்லரித்த மரம்போல் பொத்தலாகவும், விளிம்பிலிருந்து சூரியக் கதிர்போல் மெல்லிய கீற்றுகள் வெளியே கிளம்பியும் இருந்தன. மூட்டுக்கு அடுத்த பக்கத்து எலும்புக்கு அது தாவவில்லை. நாய்களுக்கு எலும்பில் தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை ஆஸ்டியோசார்கோமா என்ற வகை என்றும், முன்னங்காலில் அது முழங்கையைத் தவிர்த்துத் தோள்பட்டைக்கு அருகிலோ மணிக்கட்டுக்கு அருகிலோதான் வழக்கமாக வரும் என்றும், வீராவுக்கு அது வந்திருப்பது பாடப்புத்தகத்தில் வரைந்து வைத்த இடம் என்றும் சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே, “ஆனால் படத்தை மட்டும் பார்த்து நூற்றுக்கு நூறு சொல்ல மாட்டேன்” என்றார். எலும்புக்குள் புகும் பூஞ்சைத் தொற்றும் பாக்டீரியாத் தொற்றும் ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தரக்கூடும். புற்று என்று நினைத்துக் காலை எடுத்த பிறகு அது பூஞ்சை என்று தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

எலும்பின் உள்ளிருந்து துண்டு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்சிதான் முழு உறுதியைத் தரும். ஆனால் ஏற்கெனவே மெலிந்த எலும்பில் துளையிட்டால் முறிவு வரலாம். எலும்புத் துண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்த பிறகே அதைச் சீவிப் பார்க்க முடியும் என்பதால் முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை நாய் வலியோடு காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவழியாக, லேசான மயக்கத்தில் மெல்லிய ஊசியால் வீக்கத்திலிருந்து செல்களை மட்டும் உறிஞ்சிப் பார்க்கலாம் என்று சொல்லி அதைச் செய்தார். மூன்றாம் நாள் வந்த முடிவு புற்று செல்கள் என்பதை நோக்கியே இருந்தது. கிருமியோ பூஞ்சையோ தென்படவில்லை. எடுக்கும் காலை முழுப் பரிசோதனைக்கு அனுப்புவது, அதுவரை “சந்தேகம்” என்ற சொல்லைச் சீட்டிலிருந்து நீக்காமல் வைத்திருப்பது என்று முடிவாயிற்று. அந்தச் சொல்லை அவர் கடைசிவரை நீக்கவில்லை என்பதை நான் நேர்மையின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

நெஞ்சுக்கு மூன்று எக்ஸ்-ரே எடுத்தார்கள்: இடப்பக்கம் சாய்த்து ஒன்று, வலப்பக்கம் சாய்த்து ஒன்று, மல்லாக்க ஒன்று. கீழே இருக்கும் நுரையீரல் அமுங்கிக் கட்டியை மறைத்துவிடும் என்பதால் இரு பக்கமும் எடுக்க வேண்டுமாம். நுரையீரல் சுத்தமாக இருந்தது. அதில் மகிழ்ந்துவிடாதீர்கள் என்றும் அவரே சொன்னார். மிளகளவாவது வளர்ந்த பிறகுதான் எக்ஸ்-ரேயில் தெரியும், கண்டுபிடிக்கும்போதே பத்தில் ஒன்பது நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது பரவியிருக்கும் என்றார். இரத்தப் பரிசோதனையில், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருந்தன; காரணம் உண்ணிக் காய்ச்சல். தோப்பு நாய்க்கு அது இருப்பதில் வியப்பில்லை. அதைச் சரிசெய்யாமல் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது என்று சொல்லி ஒரு வாரம் மாத்திரை கொடுத்து மீண்டும் பரிசோதித்தார்கள். மறுநாளே அறுவைக்கு நாள் குறித்திருந்தால் நாங்களும் சம்மதித்திருப்போம், அவர்களுக்கும் பணம் வந்திருக்கும்.

அந்த ஒரு வாரத்தில் அவர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். மூன்று இரவுகள் நாயோடு படுத்து, எத்தனை முறை எழுகிறான், எப்படிப் படுக்கிறான் என்று எழுதி வரச் சொன்னார். பகலில் நாய் வலியை மறைக்கும். ஆள் நடமாட்டமும் வாசனையும் அதன் கவனத்தைத் திருப்பிவிடும். இரவில் மறைக்க முடியாது. தோப்பு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தேன். முதல் இரவு பதினோரு முறை எழுந்தான். படுக்கும்போது வலது காலை மடக்காமல் விறைப்பாக முன்னால் நீட்டி, தாடையை மெதுவாகத் தரையில் வைத்து, இரண்டு நிமிடத்தில் மறுபடி எழுந்து, இரண்டு முறை சுற்றி, மறுபடி படுத்தான். முனகவே இல்லை. எட்டு ஆண்டுகளில் அவன் இப்படித் தூங்காமல் கிடப்பதை நான் பார்த்தது அன்றுதான். இரண்டாம் இரவு ஒன்பது முறை, மூன்றாம் இரவு பதினான்கு முறை. அப்போது மெலாக்சிகாம், காபபென்டின் என்ற வலி மருந்துகளைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். (இங்கே ஒரு எச்சரிக்கை: வலி தாங்கவில்லை என்று மருந்துக்கடையில் நமக்கு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், குடலில் புண்ணாகி இரத்தம் கசியும், சிறுநீரகமும் கெடும்.)

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் வழிகளை எடுத்து வைத்தார். வலி மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் எலும்பு ஒருநாள் மரவேரில் தட்டியே முறியலாம், அப்போது இரவோடு இரவாக முடிவெடுக்க நேரும். காலை எடுக்கலாம்; வலி போகும், நோய் போகாது; காலை மட்டும் எடுத்த நாய்களில் பாதி நான்கைந்து மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. அறுவைக்குப் பின் கார்போபிளாட்டின் போன்ற கீமோ மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு முதல் ஆறு தடவை ஏற்றினால் அந்தக் கணக்கு பத்து மாதம், ஒரு வருடம் என்று நீள்கிறது. ஐந்தில் ஒரு நாய் இரண்டு ஆண்டுகளையும் தாண்டக்கூடும். கருணைக் கொலையும் தவறான முடிவு ஆகாது என்று, நாங்கள் கேட்காமலேயே, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார். “ஆயுளுக்காகக் காலை எடுக்கிறோம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அந்தப் பதினான்கு முறையை நிறுத்துவதற்காக எடுக்கிறோம்.” கட்டணமாக நான் கொடுத்ததில் இந்த இரண்டு வாக்கியங்களுக்குக் கொடுத்ததாகவே பாதியை எண்ணுகிறேன்.

வீட்டில் பெரும் பேச்சு நடந்தது. “வாயில்லா ஜீவனை ஊனமாக்கி வச்சுப் பார்க்கணுமா?” என்று அம்மா அழுதார். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், முன்னங்கால் போனால் நாய் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, உடம்பு பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தானே இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. பின்னங்காலை இழந்த நாயைவிட முன்னங்காலை இழந்த நாய்க்குச் சிரமம் அதிகம். அதனால்தான் மருத்துவமனையில் இடது முன்னங்காலின் முழங்கை, தோள், பின்னங்கால்களின் இடுப்பு மூட்டு எல்லாவற்றையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்கள். இடுப்பில் தேய்மானம் இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்களாம். வீராவுக்கு எடை இருபத்தொன்பது கிலோ, மூட்டுகள் உறுதி. அண்ணனை அழைத்து வந்து, வீரா தோப்புக்குள் நடப்பதைப் பார்க்கச் சொன்னேன். வலது கால் தரையைத் தொட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இவன் ஏற்கெனவே மூணு கால்லதான் போறான்” என்றார். அம்மா அதன் பிறகும் சம்மதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

அறுவை நன்றாக நடந்தது. தோள்பட்டை எலும்பையும் சேர்த்து எடுத்தார்கள்; விட்டுவைத்தால் தசை வற்றி எலும்பு துருத்திக்கொண்டு நிற்குமாம். நரம்புகளை வெட்டுவதற்கு முன் அவற்றிலேயே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தியதால் விழித்தபோது கத்தவில்லை. இனி குறைகள். வாய்மொழியாக இருபத்திரண்டாயிரம் என்றவர்கள் பில்லில் முப்பத்தோராயிரத்து அறுநூறு போட்டார்கள். கூடுதல் ஓர் இரவு, வலி மருந்து, கட்டுப்பொருள் என்று காரணங்கள் இருந்தன, எழுத்தில் முன்கூட்டியே தந்திருந்தால் கசப்பு இருந்திருக்காது. முதல் இரவில் நாயைப் பார்க்க ஆள் இருப்பார் என்றார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு நான் போனபோது வெளிக்கதவு பூட்டியிருந்தது, உள்ளே வீரா மட்டும் கூண்டில் இருந்தான். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு தையலுக்குக் கீழே மார்பில் நீலம் பாய்ந்து வீங்கியது. அவர்கள் கொடுத்த எண்ணை ஆறு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மறுநாள் மருத்துவர் பார்த்து, வெட்டிய இடத்து இரத்தமும் நிணநீரும் கீழே இறங்குவது இயல்புதான் என்றார். இயல்பு என்றால் அதை வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருக்கலாம். அதுவும் எங்கள் அம்மாவுக்குப் புரியும் தமிழில், கிறுக்கிய ஆங்கிலச் சீட்டில் அல்ல.

வீட்டில் செய்தவற்றில் பயன்பட்டவை சில. டைல்ஸ் தரையில் மூன்று கால் நாய் வழுக்கும் என்பதால் கோணிப்பைகளை விரித்தோம். சாப்பாட்டுக் கிண்ணத்தை இரண்டு செங்கல்மேல் வைத்தோம்; குனிந்தால் முகம் குப்புற விழுகிறது. மார்புக்கு அடியில் பழைய துண்டைக் கொடுத்துத் தாங்கியது இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் துண்டைக் கடித்து இழுத்தான். பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். சோற்றைக் குறைத்து எடையை இருபத்தேழுக்குக் கொண்டு வந்திருக்கிறோம். மூன்றாம் வாரத்தில் வந்த பரிசோதனை முடிவு ஆஸ்டியோசார்கோமாவை உறுதி செய்தது.

கீமோ நாங்கள் செய்யவில்லை. அதற்கு அந்த மருத்துவமனையில் வசதி இல்லை. பெங்களூருக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் போய் வருவது, ஒவ்வொரு முறையும் இரத்த அணுக்களைப் பார்ப்பது, மருந்து ஏற்றிய சில நாட்களுக்கு அதன் சிறுநீரைக் கையுறை போட்டுக் கழுவுவது என்பதெல்லாம் மாங்காய் பருவத்தில் எங்களால் ஆகாது என்று முடிவெடுத்தோம். அது நாயின் ஆயுளில் சில மாதங்களை விட்டுக்கொடுத்த முடிவு என்பதை அறிந்தே எடுத்தோம். கீமோவும் வேண்டும் என்பவர்கள் முதல் நாளிலேயே சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையோ, பெங்களூர் ஹெப்பாள் கல்லூரியையோ கேட்டுப் பார்க்கலாம். தர்மபுரிப் பக்கத்தவர்களுக்கு நாமக்கல் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம். கூட்டமும் காத்திருப்பும் இருக்கும். நோயைத் தெளிவாக்கிக்கொண்டு, அவசரப்படாமல் முடிவெடுக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒசூர் மருத்துவமனையையே சொல்வேன். அறுவை முடிந்த முதல் இரவு மட்டும் நீங்களே கூடத் தங்க அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மதிப்பீட்டை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது ஆடி மாதம், ஐந்தாம் மாதம் நடக்கிறது. மூன்றாம் மாத எக்ஸ்-ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. அடுத்தது வரும் வெள்ளிக்கிழமை. காலண்டரில் அம்மாதான் சுழித்து வைத்திருக்கிறார். நேற்று அறுவடை முடிந்த செந்தூரா மரத்தடியில் வீரா எலி வளை தோண்டிக்கொண்டிருந்தான். ஒரே முன்னங்கால் என்பதால் நான்கு முறை பறித்ததும் தாடை மண்ணில் இடிக்கிறது. எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொள்ளாமலே, மறுபடி பறிக்கிறான். இரவில் திண்ணையில் நான் படுத்தால் விடியும்வரை அவன் ஒருமுறைகூட எழுவதில்லை.