எரிமலை ஏரிக்கு 3எம் 6200 அரைமுக மாஸ்க்: கார்ட்ரிட்ஜ் பார்த்து வாங்குங்கள்

புகைமூட்டக் காலத்தில் வாங்கி அலமாரியில் வைத்த என்95 மாஸ்க்கோடு எரிமலைக்குக் கிளம்பாதீர்கள். அது தூசியைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும்.

உதாரணத்துக்கு, ஆண்டீஸில் அர்ஜெண்டினா, சிலி எல்லையில் நிற்கும் கொபாவே எரிமலையின் உயரம் 2,997 மீட்டர். கிழக்குப் பள்ளத்தில் சுமார் 300 மீட்டர் அகலத்துக்கு அமில ஏரி. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் கூடும்; இங்கே அது 1-ஐ ஒட்டி, சில சமயம் அதற்கும் கீழே. எலுமிச்சைச் சாறே பிஎச் 2தான்! அங்கே பிறக்கும் ஆற்றின் பெயரும் ரியோ அக்ரியோ, புளிப்பு ஆறு. 1992, 2000, 2012 எனப் பலமுறை வெடித்த மலை இது. பழைய வெடிப்புகளில் உருகிய கந்தகத் துண்டுகள்கூட வெளியே விழுந்திருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து பலர் போகும் ஜாவாவின் இஜென் ஏரியும் இதே ரகம்.

இந்த வேலைக்கு 6200 நல்ல தேர்வு. லேசானது, பாகங்களைத் தனித்தனியாக மாற்றலாம். நடுத்தர அளவுதான் 6200. சிறிய முகத்துக்கு 6100, பெரிய முகத்துக்கு 6300. கோட்டை விடுவது கார்ட்ரிட்ஜில்தான், அதாவது மாஸ்க்கின் பக்கவாட்டில் மாட்டும் வாயு வடிகட்டியில். கறுப்புப் பட்டை போட்ட 6001 பெயிண்ட் ஆவிக்கானது, எரிமலை கக்கும் சல்ஃபர் டைஆக்சைடு வாயுவை நிறுத்தாது. உங்களுக்குத் தேவை மஞ்சள் பட்டை கொண்ட 6003, அல்லது தூசி வடிகட்டியும் சேர்ந்த 60923. சாம்பலும் அமிலத் துளியும் பறக்கும் இடத்தில் 60923-ஐயே வாங்குங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் பருமனாக இருக்கும், அவ்வளவுதான்.

கார்ட்ரிட்ஜின் குறியை மாஸ்க்கின் குறியோடு சேர்த்து, வலப்பக்கம் கால் சுற்று திருகுங்கள். மேல்பட்டை உச்சந்தலையில், கீழ்ப்பட்டை பிடரியில். பிறகு முன்னால் உள்ள வால்வை உள்ளங்கையால் மூடி மெல்ல ஊதிப் பாருங்கள். மாஸ்க் சற்றே உப்ப வேண்டும், மூக்கின் இருபுறமும் காற்று சீறக்கூடாது. சீறினால் பட்டையை இறுக்குமுன் மூக்கில் வைத்த இடத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு நாள் தாடி இருந்தாலே ரப்பர் ஒட்டாது, அன்று காலையில் மழித்துவிடுங்கள்.

மூச்சு கனத்தால் வடிகட்டியில் சாம்பல் அடைத்திருக்கிறது. உள்ளே நெடியோ காரமோ தட்டினால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது, அல்லது எங்கோ கசிகிறது. உடனே காற்று வரும் திசையை நோக்கி விலகுங்கள். ஆனால் மூக்கை மட்டும் நம்பாதீர்கள். அடர்ந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மோப்பத்தையே மழுங்கடித்துவிடும், அதற்கு இந்தக் கார்ட்ரிட்ஜ் தப்பி ஓடும் நேரத்துக்கு மட்டுமே. பள்ளங்களில் கரியமில வாயு தேங்கிய இடத்தில் இந்த மாஸ்க்கால் எந்தப் பயனும் இல்லை; அது காற்றை வடிகட்டுமே தவிர ஆக்ஸிஜன் தராது.

கண்ணுக்கும் பாதுகாப்பில்லை. காற்றுத் துளை இல்லாத இறுக்கமான கண்ணாடி தனியாக வேண்டும். மாஸ்க்கை மாட்டிய பிறகே அதைப் போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் கார்ட்ரிட்ஜைத் திறந்து போடாதீர்கள். பயண நாள்வரை உறையைப் பிரிக்காமல், பிரித்தபின் ஜிப் பையில் வையுங்கள். திரும்பி வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, ரப்பர் பகுதியை மட்டும் இளஞ்சூட்டுச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.