ஞாயிற்றுக்கிழமைன்னா அதுக்குப் பேர் கடப்பா

அக்கா பெண் கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம். 2024-இல் திறந்த புது முனையத்தில் அரைமணியில் வெளியே வந்தாயிற்று. தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணத்துக்குக் கார், கல்யாணம், பந்தி, சீர், எல்லாம் சொன்னது சொன்னபடி நடந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. கடப்பாவுக்கு வருகிறேன்.

கடப்பா என்றால் தரையில் பதிக்கிற கல்லா என்று சிங்கப்பூரில் கேட்காத ஆள் இல்லை. மதுரைக்காரர்கள்கூடக் கேட்கிறார்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, பட்டை லவங்கம் தாளித்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிவது. நிறம் வெளிர் மஞ்சள். மிளகாய்த்தூளுக்கு அங்கே வேலையே இல்லை. இட்லிக்கு இதைவிட நல்ல துணையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் வீட்டில் பாட்டி இருந்தவரை பூண்டும் சோம்பும் அடுப்படிப் பக்கம் வந்ததில்லை. அதனால் கடப்பா எனக்கு ஓட்டல் பண்டம். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குள் அப்பா சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். எட்டு மணிக்கு வாளி கவிழ்ந்துவிடும். பிந்திப் போனவன் சாம்பாரைத் தொட்டுக்கொண்டு வர வேண்டியதுதான். கும்மோணத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத கணக்கு இது.

கல்யாணம் முடிந்த ஞாயிறு அதே ஓட்டலுக்குப் போனேன். மாமா பையனும் கூட வந்தான். ஆறே முக்கால் மணி. வாசல் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் ‘இன்றைய ஸ்பெஷல் கடப்பா’ என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அடைத்தது.

உள்ளே இடமில்லை. சிங்கப்பூர் உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் அந்த இடம் நம்முடையது, ஒருத்தரும் தொடமாட்டார்கள். இங்கே சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் எத்தனாவது இட்லியில் இருக்கிறார் என்று எண்ண வேண்டும். எண்ணினேன். அந்த மனிதர் காபியையும் சொல்லி, டபராவில் ஆற்றி ஆற்றிக் குடித்தார். பரவாயில்லை, கடப்பாவுக்காக நிற்கிறோம்.

இலை வந்தது, இட்லி வந்தது. மேலே ஒரு கரண்டி சிவப்பாக எதையோ ஊற்றிவிட்டுப் போனார் சர்வர். தக்காளி, கேரட், பச்சைப் பட்டாணி, மேலே எண்ணெய் மிதக்கிறது. பருப்பு பேருக்குக்கூட இல்லை.

“இது குருமா இல்லையாங்க?”

“குருமாதான் சார்.”

“பலகையில கடப்பான்னு போட்டிருக்கே?”

“ஞாயிற்றுக்கிழமைன்னா அதுக்குப் பேர் கடப்பா.”

துளிகூட நக்கல் இல்லை. நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். மாமா பையன் அதற்குள் ரெண்டு இட்லியை முடித்திருந்தான். “நல்லாத்தானே அத்தான் இருக்கு?” என்றான். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சலே. நல்ல குருமாவைக் குருமா என்று எழுதிவைத்தால் யார் வேண்டாம் என்றது?

சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் இலையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். சிங்கப்பூரில் 2021-லிருந்து தட்டை நாமே கொண்டுபோய் வைக்காவிட்டால் சட்டம் பாயும். இலை எடுக்கிற பையன் ஓடி வந்து, “வைங்க சார், முதலாளி திட்டுவாரு” என்று பிடுங்கிக்கொண்டான்.

கல்லாவில் இருந்த முதலாளியிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் பக்கத்துக் கணக்கு வேறு. பாசிப்பருப்பு ஆற ஆற இறுகும், சுடுதண்ணீர் விட்டு இளக்கினால் ருசி போய்விடும், தேங்காய் அரைத்து விட்டதால் மத்தியானம் தாங்காது, மிஞ்சினால் கொட்ட வேண்டும். குருமாவானால் காலையில் இட்லிக்கு, ராத்திரி பரோட்டாவுக்கு. “கடப்பா கேட்டு வர்றது உங்களை மாதிரி வெளிநாட்டு ஆளுங்கதான் சார். வருஷத்துக்கு ஒருக்கா.” சரி, பலகையை மாற்றக்கூடாதா? “பலகை அப்பா காலத்திலேர்ந்து இருக்கு சார்.”

இதற்கு என்ன பதில் சொல்வது?

புலம்பிக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “கடப்பாவா? புதன்கிழமை பாத்திரம் எடுத்துட்டு வாங்கண்ணே, கூட்டிட்டுப் போறேன்” என்றார். ஏன் புதன் என்று கேட்டேன். “அந்தம்மா அன்னைக்குத்தான் போடும்.”

புதன் காலை ஆறு மணிக்கு, அக்கா வீட்டுத் தூக்குவாளியோடு கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில் நின்றேன். பலகையும் இல்லை, பெயரும் இல்லை. திண்ணையில் ஒரு குண்டான், அதன்மேல் ஈரத்துணி, முன்னால் வரிசையாக ஏழு தூக்கு. ஆட்கள் திண்ணை ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள், வரிசையில் நிற்பது தூக்குகள்தான். நம்ம டிஷ்யூ பாக்கெட்தான் இது! என் தூக்கை எட்டாவதாக வைத்தேன். யாரும் முந்தவில்லை.

துணியை விலக்கியதும் சோம்பு வாசனை சந்து முழுக்க நிறைந்தது. மூடியில் ரெண்டு இட்லி வாங்கி அங்கேயே பிட்டு முக்கினேன். முதலில் பருப்பு நாக்கில் கரைகிறது, அப்புறம் பூண்டு, கடைசியில்தான் பச்சைமிளகாய் தெரிகிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு கரண்டி கேட்டேன். “பின்னாடி இன்னும் நாலு தூக்கு நிக்குது தம்பி” என்று அரைக் கரண்டி விட்டார் அந்தம்மா. எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய். இந்தக் காசுக்கு சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு காபி வராது.

கூட்டம் குறைந்ததும் பக்குவம் கேட்டேன். பொட்டுக்கடலை ஒரு பங்கு, தேங்காய் ரெண்டு பங்கு, கசகசாவை வெந்நீரில் ஊறவைத்து அரைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிங்கப்பூருக்குள் கசகசா கொண்டுபோகக் கூடாதுங்க, போதைப்பொருள் சட்டத்தில் தடை என்றேன். கரண்டியைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கசகசாவுக்கா?”

“ஆமாங்க.”

“அப்ப முந்திரி போட்டுக்க தம்பி. நல்லாத்தான் இருக்கும். ஆனா அதைக் கடப்பான்னு மட்டும் சொல்லாத.”

பதினாறு வருஷமாக முந்திரி போட்டுத்தான் செய்கிறேன், கடப்பா என்று சொல்லித்தான் நண்பர்களுக்கெல்லாம் பரிமாறுகிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. தூக்கை மூடிக்கொண்டு கிளம்பினேன்.