மீன் வண்டி ரீஃபருக்கு விண்டிராக் மென்பொருள்: குமரி மாவட்ட ஒர்க்ஷாப்புகள் வாங்கலாமா?

தெர்மோ கிங் நிறுவனத்தின் விண்டிராக், வண்டிப் பெட்டியைக் குளிர வைக்கும் ரீஃபர் யூனிட்டின் கண்ட்ரோலரில் (அதை இயக்கும் மின்னணுப் பெட்டியில்) பதிவானதை இறக்கிப் படிக்கவும், யூனிட்டின் செட்டிங்கை மாற்றவும் உதவும் விண்டோஸ் மென்பொருள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் மீன் ஏற்றிப் போகும் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குகளுக்காக இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தனி டீசல் எஞ்சின் உள்ள, தெர்மோ கிங்கின் எஸ்.ஆர். வகைக் கண்ட்ரோலர் பொருத்திய யூனிட்டுகள் உங்களிடம் வாடிக்கையாக வந்தால் வாங்குங்கள், போட்ட காசு வீணாகாது. மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல கேஜ் செட்டும் கிளாம்ப் மீட்டரும் வாங்கிக்கொள்ளலாம்.

ஏனென்றால் நம் மாவட்டத்தில் ஓடும் மீன் வண்டிகளில் பல, ஐஸ் போட்டு மூடும் இன்சுலேட்டட் பெட்டிகள். அவற்றில் யூனிட்டே கிடையாது. அடுத்து, வண்டி எஞ்சின் பெல்ட்டிலேயே கம்ப்ரசர் ஓடும் சின்ன யூனிட்டுகள். இவற்றுக்கு டிரைவர் கேபினில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டி காட்டும் கோடும் (கோளாறைச் சொல்லும் எண்), கேஜும், மல்டிமீட்டருமே போதும். விண்டிராக்குக்கு வேலை இருப்பது மூன்றாவது வகையில்தான்: பெட்டியின் முகப்பில் தனி எஞ்சினோடு உட்கார்ந்திருக்கும் பெரிய யூனிட்டுகள். அதிலும் தெர்மோ கிங் மட்டும். கேரியர் யூனிட்டுக்கு ரீஃபர்மேனேஜர் என்று தனி மென்பொருள் இருக்கிறது, ஒன்றின் பதிவை மற்றது படிக்காது. பி.எஸ். 6 வண்டிகளுக்காக வாங்கி வைத்த ஓ.பி.டி. ஸ்கேனரை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அது வண்டி எஞ்சினோடு பேசும் கருவி. ரீஃபரின் கண்ட்ரோலர் தனி, வயரிங்கும் தனி.

    

பதிவு இறக்க இரண்டு வழி. லேப்டாப்பை யு.எஸ்.பி. கேபிளில் நேரடியாக இணைக்கலாம், அல்லது பென் டிரைவ் போதும். பழைய கண்ட்ரோலர்களில் 9 பின் சீரியல் போர்ட்தான் இருக்கும். அதற்கு மலிவான கன்வெர்ட்டர் கேபிள் வாங்கினால் காம் போர்ட் எண் (லேப்டாப் அந்தக் கேபிளுக்குத் தரும் எண்) மாறி மாறி வந்து நேரத்தைத் தின்னும். நல்ல கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். துறைமுகத்தில் வரிசையில் நிற்கும் வண்டிக்குப் பென் டிரைவ்தான் சௌகரியம். ஆனால் கடையில் வாங்கிய பென் டிரைவை அப்படியே கொண்டுபோய்ச் செருகக் கூடாது. முதலில் விண்டிராக்கில் அதைச் செருகி, என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று அதில் எழுதிக்கொள்ள வேண்டும்: சர்வீஸ்வாட்ச் (யூனிட்டின் பதிவு) இறக்கு, கார்கோவாட்ச் (சரக்கின் பதிவு) இறக்கு என்று. பிறகு யூனிட்டின் சுவிட்சைப் போட்டு, கண்ட்ரோலரின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகி, திரையில் அதன் குறி வரும்வரை பொறுத்து, இறக்கும் கட்டளையைக் கொடுத்தால் விழுக்காடு ஏறுவது தெரியும். முடிந்தது என்று காட்டும் முன் பிடுங்கினால் பாதிப் பதிவுதான் மிஞ்சும்.

எஞ்சின் ஓடத் தேவையில்லை, சுவிட்ச் மட்டும் போட்டிருந்தால் போதும். ஆபத்தும் அங்கேதான். சைக்கிள் சென்ட்ரி முறையில் இருக்கும் யூனிட், பெட்டி சூடேறினாலோ பேட்டரி இறங்கினாலோ தானாக ஸ்டார்ட் ஆகும். லேப்டாப்பை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பெல்ட்டில் கை வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பதிவு இறக்கும் வரை கதவுக்குள் யாரும் கை நீட்டக் கூடாது. பெல்ட் வேலைக்குப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

பதிவைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். கண்ட்ரோலரின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் மற்ற எல்லாம் குழப்பம். பேட்டரி மாற்றிய வண்டிகளில் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். நேரத்தைச் சரிசெய்த பிறகு எடுக்கும் பதிவைத்தான் சரக்குக்காரரிடம் காட்ட முடியும்.

இந்த மென்பொருளின் முழு மதிப்பும், பதிவை நேரவாரியாக வரைகோடுகளாகக் காட்டும் வரைபடத்தில் இருக்கிறது. அலாரம் கோடு என்ன என்பதைத் திரையே சொல்லிவிடும், எப்போது, எதற்குப் பிறகு வந்தது என்பதை வரைபடம்தான் சொல்லும். 10 என்ற அலாரம் எண்ணை எடுத்துக்கொள்வோம். டிஸ்சார்ஜ் பிரஷர் (கம்ப்ரசரை விட்டு வெளியேறும் கேஸின் அழுத்தம்) அதிகம் என்று பொருள். அது மதியம் 12 முதல் 3 மணிக்குள், வண்டி வெயிலில் நிற்கும்போது மட்டும் வந்து, இரவில் வராமல் இருந்தால் கண்டன்சரில் (வெப்பத்தை வெளியே விடும் காயிலில்) காற்றோட்டம் குறைவு. உப்பும் தூசியும் அடைத்த ஃபின், தளர்ந்த பெல்ட், நகர இடமில்லாமல் நெருக்கி நிறுத்திய வண்டி ஆகியவற்றைப் பாருங்கள். குளிர்ந்த இரவிலும் அதே கோடு வந்தால் கேஸ் அதிகமாகப் போட்டிருக்கிறார்கள் அல்லது லைனுக்குள் காற்று இருக்கிறது. உறுதிசெய்ய, யூனிட்டைச் சில மணி நேரம் நிறுத்தி, எல்லாம் வெளி வெப்பநிலைக்கு வந்தபின் கேஜைப் பார்க்கலாம். ஆர் 404ஏ கேஸ் 30 டிகிரியில் சுமார் 190 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். அதைவிடக் கணிசமாக அதிகமென்றால் காற்று கலந்திருக்கிறது. கேஸை மீட்டெடுத்து, நன்றாக வேக்கம் போட்டு, பெயர்ப்பலகையில் உள்ள எடையளவுக்கு நிரப்புவதே வழி. இது கலவைக் கேஸ் என்பதால் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆவியாக ஏற்றினால் கலவையின் விகிதம் மாறிவிடும்.

17, 20 இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். 17 என்றால் எஞ்சின் கிராங்க் ஆகவே இல்லை: பேட்டரி, கேபிள் முனை, ஸ்டார்ட்டர். 20 என்றால் கிராங்க் ஆகியும் பிடிக்கவில்லை: டீசல், ஃபியூயல் சாலினாய்டு, குளோ பிளக். 17க்கு முந்தைய இரவுகளின் பேட்டரி வோல்ட்டேஜை வரைபடத்தில் பின்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிடிபடும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.2 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12.5ல் தேங்கி நின்றால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டோ ஆல்டர்னேட்டரோ போயிருக்கிறது. 25 என்ற கோடும் அதைத்தான் சொல்லும். பேட்டரியை மட்டும் மாற்றி அனுப்பினால் அதே வண்டி திரும்பவும் களியக்காவிளையைத் தாண்டும் முன்னே நிற்கும். 63 வந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே நின்றிருக்கிறது. டீசல் ஃபில்டரும், டேங்கிலிருந்து காற்று இழுக்கும் ஹோஸ் இணைப்பும் முதலில் பார்க்க வேண்டியவை.

26, 32 இரண்டும் கூலிங் திறன் குறைவு என்கின்றன. கோடு வந்தவுடன் கேஸ் போடுவதுதான் ஊர் வழக்கம். வரைபடத்தில் ரிட்டர்ன் ஏர் (பெட்டியிலிருந்து யூனிட்டுக்குத் திரும்பும் காற்று), டிஸ்சார்ஜ் ஏர் (யூனிட் பெட்டிக்குள் ஊதும் காற்று) இரண்டின் வரைகோட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எஞ்சின் முழு வேகத்தில் கூல் செய்யும்போதே இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டால் கேஸ் குறைவு அல்லது கம்ப்ரசர் பலவீனம். மாறாக டிஸ்சார்ஜ் மிகக் குளிர்ந்தும் ரிட்டர்ன் இறங்க மறுத்தும் இருந்தால் கூலிங் காயிலில் ஐஸ் பிடித்துக் காற்று போகவில்லை. டீஃப்ராஸ்ட் (காயிலில் பிடித்த ஐஸை உருக்குவது) எத்தனை மணிக்கு ஒருமுறை வந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்பதும் பதிவில் இருக்கும். நாளுக்கு நாள் அந்த நேரம் நீண்டுகொண்டே போனால் மீன் செதிலும் சளியும் அடைத்த டிரெயின் ஹோஸைக் கழற்றிக் கழுவுங்கள், கதவு ரப்பரைப் பாருங்கள். காயில் வெப்பநிலை 7 டிகிரிக்கு மேல் இருந்தால் டீஃப்ராஸ்ட் தொடங்காது. பட்டனை அழுத்தியும் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் இதையும் நினைவில் வையுங்கள்.

கேஸும் காயிலும் சரியாக இருந்து, ரிட்டர்ன் மட்டும் ஏற்றிய முதல் பல மணி நேரம் உயரத்திலேயே நின்றால் யூனிட்டில் குறையில்லை, சூடான மீனை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு டன் மீனை 28 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 94 மெகாஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 5 கிலோவாட் யூனிட் தன் முழுத் திறனையும் மீனுக்கே கொடுத்தாலும் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே வேலைக்கு சுமார் 280 கிலோ ஐஸ் உருகினால் போதும். ரீஃபரின் வேலை, குளிர்ந்த சரக்கைக் குளிர்ச்சியில் வைத்திருப்பது. இந்தக் கணக்கை வரைபடத்தோடு காட்டினால் வண்டி உரிமையாளருக்கும் மீன் கம்பெனிக்கும் இடையில் நடக்கும் பாதிச் சண்டை அங்கேயே தீரும். சூரை, அயலை மாதிரி மீன்களில் சூடு தங்கினால் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் அது போகாது.

அந்தச் சண்டையில் இன்னொரு விஷயமும் முக்கியம். சர்வீஸ்வாட்ச் என்பது யூனிட்டின் உடல்நிலைப் பதிவு, மெக்கானிக்குக்கானது. அதன் ரிட்டர்ன் ஏர் அளவைச் சரக்கின் வெப்பநிலை என்று சொல்ல முடியாது. சரக்குக்கென்று தனி சென்சாரும் கதவு சுவிட்சும் இணைத்துப் பதிவது கார்கோவாட்ச். ஏற்றுமதிக்குப் போகும் இறாலும் கணவாயும் ஏற்றுபவர்கள் அதைப் பொருத்திக்கொள்வது நல்லது. பதிவு இடைவெளியை விண்டிராக்கிலேயே அமைக்கலாம். 15 நிமிடம் வைத்தால் கதவு திறந்த நேரமும் ஓரளவு தெரியும், நினைவகமும் சீக்கிரம் நிரம்பாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். வரைபடத்தை முதலில் திறக்கும்போது எல்லா வரைகோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கண்ணைக் குழப்பும். செட் பாயிண்ட் (நாம் வைத்த வெப்பநிலை), ரிட்டர்ன், டிஸ்சார்ஜ் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்து, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்தால் படிக்க வரும். பெரிய குறை ஒன்று: சென்சார் சொல்வதை மட்டுமே இது நம்பும். கடற்கரைக் காற்றில் சென்சார் கனெக்டர் பச்சை பூத்து ஒன்றிரண்டு டிகிரி பொய் சொன்னால் அந்தப் பொய்யும் அழகான வரைகோடாக வரும். ஆகவே பதிவை நம்புமுன், நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் சென்சாரை முக்கி, 0 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள். மாற்றும் சென்சார் தரம் (அளவைத் திருத்த உதவும் குறி) பொறித்ததாக இருந்தால் அந்தத் தரத்தைக் கண்ட்ரோலரின் பாதுகாக்கப்பட்ட மெனுவில் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால் புதிய சென்சாரும் தவறாகத்தான் காட்டும்.

கண்ட்ரோலர் மென்பொருளையே புதுப்பிக்கும் ஃபிளாஷ்லோடு வசதியும் இருக்கிறது. தேவை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரி சார்ஜரை மாட்டிவிட்டுச் செய்யுங்கள், நடுவில் வோல்ட்டேஜ் விழுந்தால் கண்ட்ரோலர் முடங்கலாம். முடிந்ததும் செட் பாயிண்ட் எல்லை, டீஃப்ராஸ்ட் இடைவெளி, சென்சார் தரம் எல்லாவற்றையும் முன்பே எழுதி வைத்த தாளோடு ஒப்பிடுங்கள். கைமாறிக் கைமாறி வரும் கள்ளப் பிரதி மென்பொருளில் இந்த வேலையைச் செய்வது, விலை உயர்ந்த கண்ட்ரோலரைப் பணயம் வைப்பது. டீலரிடம் லைசன்ஸ் வாங்குங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனைக்கு ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்கே ஓடும் வண்டிகளுக்கு அது மழைக்காலம், கனெக்டர் கோளாறுகள் வெளிப்படும் நேரமும் அதுவே. காலிப் பெட்டியோடு பிரிடிரிப் சோதனையை (யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது) ஓடவிடுங்கள். அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதன் முடிவும் பதிவில் ஏறும். பிறகு பதிவை இறக்கி வண்டி எண்ணோடும் தேதியோடும் கோப்பாகச் சேமித்தால் அடுத்த ஆண்டு ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும். கூடவே கண்டன்சரை நல்ல தண்ணீரில் கழுவி, கனெக்டர்களில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசினால் உப்பின் வேகம் குறையும்.

பழைய யூனிட் வாங்குபவர்களுக்கும் இது உதவும். மீட்டர் காட்டும் எஞ்சின் மணி நேரத்தோடு நிற்காமல், பதிவை இறக்கி அலாரம் வரலாற்றைப் பாருங்கள். 18, 19 அடிக்கடி வந்திருந்தால் எஞ்சின் சூடேறியும் ஆயில் பிரஷர் இறங்கியும் ஓடியிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். மணி நேரம் மிகக் குறைவாகவும் எஞ்சின் மிகப் பழையதாகவும் தெரிந்தால் கண்ட்ரோலர் மாற்றப்பட்டிருக்கலாம். அப்போது பதிவை நம்பாமல், கம்ப்ரசர் ஆயிலின் நிறத்தையும் எஞ்சினின் கம்ப்ரஷனையும் பார்த்து முடிவெடுங்கள்.