பெயர்ப் புத்தகத்தில் செடி இருக்கிறது, கடற்கரை இல்லை

ராமநாதபுரம் பேருந்து நிலையப் பக்கத்துக் கடைகளில் பஞ்சாங்கத்தோடு தொங்கும் குழந்தைப் பெயர்ப் புத்தகம் ஒன்றில் ‘தாவரவியல் பெயர்கள்’ என்று தனிப் பகுதியே போட்டிருக்கிறார்கள். யோசனை நல்லது, வேலை அரைகுறை.

தாவரவியல் பெயர் இரு சொல்: முன்னது பேரினம், பின்னது சிற்றினம். புத்தகம் பின்னதைப் பிய்த்துத் தனிப் பெயராக்கிவிட்டது. ‘இண்டிகா’ என்றால் இந்தியாவைச் சேர்ந்தது, அவ்வளவுதான். மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் அதே வால். எடுத்தால் பேரினத்தை எடுக்க வேண்டும்: வெட்சிக்கு ‘இக்சோரா’ போல. அதுவும் மாறக்கூடியது. செண்பகத்துக்கு ‘மிக்கேலியா’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இன்று அது மக்னோலியாவில் அடக்கம். ‘குளோரியோசா’, அதாவது செங்காந்தள், மாநில மலர் என்கிறார்கள், சரிதான். அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பெரிய குறை, நம் கரையில் நிற்பதெல்லாம் விடுபட்டிருப்பது. தாழை இல்லை, நெய்தல் இல்லை. புன்னையின் பேரினம் ‘காலோஃபில்லம்’, அழகிய இலை என்று பொருள், நாக்கில் நிற்காது. புன்னைவனம் என்று தமிழில் வைத்தால் அஸ்த நட்சத்திரத்துக்கான ‘பு’வும் கூடிவரும். மணலில் படரும் அடம்பை லத்தீனில் தொடவே வேண்டாம்: ‘பெஸ்-கேப்ரே’ என்றால் ஆட்டுக்கால், இலை குளம்பு மாதிரிப் பிளந்திருப்பதால். காரங்காட்டு அலையாத்தி மரமான வெண்கண்டலின் ‘அவிசென்னியா’ மருத்துவ மேதை இப்னு சீனாவின் பெயரால் வந்தது. முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த கீழக்கரைப் பக்கம் இது எடுபடலாம். அங்கே ரைஹானாவும் யாஸ்மினும் புழங்குகிற பெயர்கள், இரண்டும் செடிப் பெயர்களே.

பதிவு விவரம் ஒரு வரிகூட இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதம்வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குமேல் 15 வயதுவரை தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் வயதுக்கு ஆதாரம். ஆகவே தாழை, மகிழ் என்று ழகரம் வந்தால், ஆங்கில எழுத்துக்கூட்டை முதலிலேயே முடிவுசெய்து தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் ழகரத்துக்கு ‘எல்’ போட்டுவிடுவார்கள், திருத்த மனுவோடு அலைய வேண்டிவரும்.

நட்சத்திர எழுத்து அட்டவணை மட்டும் தெளிவாக இருக்கிறது, அதற்காக வாங்கலாம்.