பத்துக் கீரை விதைப் பொட்டலங்கள்: மொட்டைமாடியில் கண்ட பலன்

சென்ற ஆனி மாதக் கடைசியில், இணையம் வழியாக விதை விற்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து பத்து வகைக் கீரை விதைகள் அடங்கிய தொகுப்பு ஒன்றை 349 ரூபாய்க்கு வாங்கினேன். தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பாலக், வெந்தயம், கொத்தமல்லி, புளிச்சக்கீரை, கொடிப்பசலை, புதினா, கறிவேப்பிலை என்று பத்துச் சிறு காகித உறைகள், ஒவ்வொன்றிலும் 2 கிராம், கூடவே இரண்டாக மடித்த ஒரு செய்முறைத் தாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து ஆண்டுகளாகக் கீரை வளர்த்து வருகிறேன். அதுவரை விதைக்கு அலைந்ததெல்லாம் கடைத்தெருவோடு சரி. அஞ்சலில் விதை வாங்கியது இதுவே முதல் முறை. பத்து உறைகளையும் பயன்படுத்திப் பார்த்து, கார்த்திகை பிறந்த பிறகே இதை எழுதுகிறேன். விற்றவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பில் தொகுப்பு வாங்க நினைப்பவர்களுக்குப் பெயரைவிட உறைக்குள் இருப்பதைச் சோதிக்கும் வழிதான் உதவும்.

முதலில் உறை. முன்பக்கம் பனித்துளி படிந்த கீரைக்கட்டின் அழகான படம். பின்பக்கம் 'நாட்டு விதை', 'இயற்கை முறை' என்ற இரண்டு முத்திரைகள். விதை வாங்குபவர் தேடவேண்டிய செய்தி எதுவும் இல்லை. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டமும் 1968ஆம் ஆண்டு விதை விதிகளும், அறிவிக்கப்பட்ட ரகங்களின் உறையில் பயிர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன், புறத்தூய்மை (தூசியும் பிற விதைகளும் கலக்காத அளவு), சோதனை செய்த நாள், எடை, விற்பவரின் முகவரி ஆகியவை இருக்கவேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன. சான்று பெற்ற விதை என்றால் நீல அட்டை இருக்கும். உண்மைநிலை விதை, அதாவது விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் விதை என்றால் பச்சை அட்டை. இந்தத் தொகுப்பில் எந்த நிறத்து அட்டையும் இல்லை. 'தண்டுக்கீரை' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்களே தவிர அது எந்த ரகம் என்று சொல்லவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கீரை ரகங்களில் கோ 1, கோ 2 போன்றவை தண்டோடு அறுப்பதற்கும், கோ 3 கிள்ளிக் கிள்ளிப் பறிப்பதற்கும் உரியவை. ரகம் தெரியாமல் விதைத்தவர் எப்போது அறுப்பது, எப்படி அறுப்பது என்பதைச் செடி வளர்ந்த பிறகு ஊகித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப்பட்டது சோதனை நாள் இல்லாததுதான். ஈரக்காற்றில் காகித உறைக்குள் கிடக்கும் விதை மாதத்துக்கு மாதம் உயிர்ப்பை இழக்கும் என்பதால், தேதி இல்லாத விதை உறையைத் தேதி இல்லாத மருந்து அட்டையைப் போலவே நான் பார்க்கிறேன்.

தேதி இல்லாததால் நானே சோதித்துப் பார்த்தேன். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, சிறு விதைகளில் நூறும் பெரிய விதைகளில் இருபத்தைந்தும் எண்ணிப் பரப்பிச் சுருட்டி, எவர்சில்வர் டப்பாக்களில் தளர்வாக மூடி வைத்தேன். மூன்றாம் நாளே வெந்தயம் 25க்கு 24 முளைத்துவிட்டது. தண்டுக்கீரை நூற்றுக்கு 84, அரைக்கீரை 79, புளிச்சக்கீரை 25க்கு 22. கீரை விதைக்குச் சான்றளிப்பில் கேட்கப்படும் குறைந்த அளவு 70 விழுக்காடு என்பதை வைத்துப் பார்த்தால் இவை நல்ல விதைகள் என்று தயங்காமல் சொல்லலாம். சிறுகீரை 41இல் நின்றுவிட்டது. கொடிப்பசலை ஊறவைத்த பிறகும் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டு 25க்கு 11 மட்டுமே முளைத்தது. மேல்தோல் கெட்டியான விதை என்பதால் அதற்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். கொத்தமல்லி 9. பாலக்கில் எண்ணிக்கை சற்றுக் குழப்பும்: நாம் விதை என்று கையில் எடுப்பது பல விதைகள் ஒட்டிக்கொண்ட ஒரு காய்க்கொத்து, ஆகவே ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் கிளம்பும். இருபத்தைந்து கொத்துகளில் பதினேழு முளைவிட்டன, முளைகளோ இருபத்தெட்டு இருந்தன.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதற்கிணங்க, பதினெட்டாம் பெருக்கன்று காலையில் விதைப்பை வைத்துக்கொண்டேன். அன்று தண்டுக்கீரை விதைத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தொகுப்போடு வந்த செய்முறைத் தாள் எங்கே தவறுகிறது என்பது அங்கேதான் தெரிந்தது. 'விதைகளை அரை அங்குல ஆழத்தில் விதைத்து மண்ணால் மூடவும்' என்று பத்துக்கும் சேர்த்து ஒரே வரி. வெந்தயத்துக்கு அது சரி, புளிச்சைக்கும் சரி. தண்டுக்கீரை விதையோ கடுகைவிடச் சிறியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். அதை அரை அங்குலம் புதைத்தால் பெரும்பகுதி மேலே வரவே வராது. நான் செய்தது வழக்கமாகச் செய்வதுதான்: செம்மண், மண்புழு உரம், கழுவிய தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பையில்) நிரப்பி, ஒரு சிட்டிகை விதையை இரண்டு கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து, அந்த மணலைத்தான் தூவினேன். ஸ்ரீரங்கத்து ஆடிக்காற்று மொட்டைமாடியில் எப்படி இருக்கும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்; மணல் கலக்காமல் தூவியிருந்தால் என் விதையில் பாதி காவிரிக்குப் போயிருக்கும். தூவிய மேல் விரல்களால் மண்ணை லேசாகக் கீறிவிட்டு, பூவாளியால் மட்டும் நீர் தெளித்தேன். குரோ பேக்கைச் சுற்றி அரிசிக் குருணையும் ரவையும் போட்டு வைத்தேன், எறும்புகளுக்காக. கீரை விதையை எறும்பு வரிசைபோட்டுத் தூக்கிச் செல்வதைப் பார்க்காதவர்களே விதை முளைக்கவில்லை என்று விதைக்காரரைத் திட்டுவார்கள். இதைப் பற்றியும் அந்தத் தாளில் ஒரு சொல் கிடையாது.

நான்காம் நாள் காலை மண்பரப்பு முழுவதும் இளஞ்சிவப்பு நூல் நூலாக எழும்பி நின்றது. பத்தாம் நாளிலிருந்து நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கத் தொடங்கினேன், இருபத்து மூன்றாம் நாள் பிடுங்கியது மூன்று பேருக்கு மசியலுக்குப் போதுமானதாக இருந்தது. எஞ்சிய செடிகளுக்கு இடம் கிடைத்துத் தண்டு பருத்து, நாற்பது நாளைக்கு மேல் சாம்பாருக்குத் தண்டாகவும் கிடைத்தன. ஆவணிக் கடைசியில் இலைகளைப் பட்டுநூலால் தைத்ததுபோல் பிணைத்துக்கொண்டு பச்சைப்புழு வந்ததும், பிணைந்த இலைகளைக் கையால் கிள்ளி எறிந்தே அதைச் சமாளித்ததும் விதையின் குற்றமல்ல, ஆகையால் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. அரைக்கீரை இன்றுவரை கிள்ளக் கிள்ளத் தழைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு உறைகள் மட்டும் தனியாகக் கிடைத்தால் மறுபடியும் இவர்களிடமே வாங்குவேன்.

சிறுகீரையில் முளைப்பு குறைந்தது மட்டும் குறையல்ல. வந்த செடிகளில் ஐந்தாறு சிவப்புத் தண்டோடு நெடுநெடுவென்று வளர்ந்து, பக்கத்திலிருந்த குட்டைச் செடிகளை மறைத்தன. கீரை இனங்களின் மகரந்தம் காற்றில் பறப்பது. வெவ்வேறு ரகங்களைப் போதிய இடைவெளி விடாமல் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வைத்து விதை எடுத்தால் இப்படிக் கலப்பு வரும். சமைத்தபோது ருசியில் பெரிய வேறுபாடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் 'நாட்டு விதை' என்று முத்திரை குத்துபவர்கள் அந்த நாட்டு ரகம் கலக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சியையும் சொல்லவேண்டுமல்லவா?

கொத்தமல்லி உறையைப் பிரித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. விதைகள் ரோஸ் நிறத்தில் இருந்தன. விரலால் தேய்த்தால் நிறம் கையில் ஒட்டியது. பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையை யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி நிறமேற்றுவார்கள். பெரிய விதை நிறுவனங்கள் அதைச் செய்வதும், உறையில் 'மருந்து பூசியது, உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது' என்று அச்சிடுவதும் வழக்கம். பூசியதில் தவறில்லை. 'இயற்கை முறை' என்ற முத்திரையின் கீழ், ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல், அடுப்படியில் குழந்தைகள் கைபடும் இடத்தில் வைக்கப்படும் ஒரு உறையில் அதை அனுப்பியதுதான் தவறு. தனியா என்று நினைத்து யாராவது அரைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தனைக்குப் பிறகும் அது சரியாக முளைக்கவுமில்லை. ஆடி வெயிலில் மல்லி வராது என்ற சந்தேகத்தின் பலனை விதைக்கே கொடுத்து, மிச்சத்தை ஐப்பசியில் ஒரு தட்டையான தொட்டியில் விதைத்தேன். மல்லி விதை இரு பாதி சேர்ந்த உருண்டை என்பதால், வழக்கம்போல் செருப்பின் அடியால் தேய்த்து இரண்டாக உடைத்து (கையுறை போட்டுக்கொண்டு), இரவு முழுதும் ஊறவைத்தே போட்டேன். பதினைந்து நாள் கழித்து எண்ணினால் பதினொரு நாற்று. அதே நாளில், மளிகைக் கடையில் வாங்கிய வறுக்காத தனியாவைப் பக்கத்துத் தொட்டியில் போட்டிருந்தேன். அது அடர்ந்து வந்து, ரசத்துக்குக் கிள்ளிக்கொண்டிருக்கிறோம்.

மளிகைக் கடை என்றதும் வெந்தயம் நினைவுக்கு வருகிறது. 25க்கு 24 முளைத்த விதையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2 கிராம் வெந்தயம் என்பது ஒரு குரோ பேக்கின் பாதியைக்கூட நிரப்பாத அளவு. கடுகைவிடச் சிறிய தண்டுக்கீரைக்கும் வெந்தயத்துக்கும் ஒரே எடை என்று வைத்திருப்பது பொட்டலம் கட்டுபவருக்கு வசதியாக இருக்கலாம். வளர்ப்பவருக்கு ஒன்று நான்கு வருடத்துக்குத் தேறும், மற்றொன்று ஒரு வேளைக்குக் காணாது. எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி வெந்தயமும் இதே வேகத்தில்தான் முளைத்தது.

இனி புதினாவும் கறிவேப்பிலையும். புதினா உறையில் தூசி போன்ற கறுப்பு விதைகள் இருந்தன. எதிர்வீட்டு மாமி அதைப் பார்த்துவிட்டு, "புதினாவுக்குப் போய் யாராவது விதை போடுவாளா?" என்று கேட்டுச் சிரித்தார். மாமி சிரித்ததில் நியாயம் இருக்கிறது. புதினா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் மணத்தோடு இருக்கும் என்ற உறுதி கிடையாது. சந்தையில் வாங்கும் புதினாக்கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு, முற்றிய தண்டை நான்கு விரல் நீளத்துக்கு நறுக்கி நிழலில் நட்டால் பத்து நாளில் துளிர்க்கும். நான் கடமைக்கு ஆறு வாரம் காத்திருந்தேன். மூன்று நாற்று வந்தன, அவற்றில் ஒன்று பிழைத்தது, அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் பச்சைப்புல் வாசனைதான் வந்தது.

கறிவேப்பிலையை மன்னிக்கவே முடியாது. கறிவேப்பிலைப் பழம் கறுத்துக் கனிந்ததும் சதையை நீக்கி உடனடியாக விதைக்கவேண்டும். ஈரம் காய்ந்தால் சில வாரங்களிலேயே அந்த விதை செத்துவிடும். அதைக் காயவைத்துக் காகித உறையில் போட்டு மாதக்கணக்கில் கிடங்கில் வைத்து விற்பது, முளைக்காது என்று தெரிந்தே விற்பதற்குச் சமம். தெரியாமல் விற்றார்கள் என்றால் விதை விற்கும் தகுதியைத்தான் கேள்வி கேட்கவேண்டும். என் உறையில் பதினாறு விதைகள் இருந்தன, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தது. இரண்டு மாதம் நீர் ஊற்றியும் ஒன்றும் எழவில்லை.

விலைக் கணக்கைப் பார்த்தால், ஓர் உறை ஏறக்குறைய 35 ரூபாய். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் விதைக்கடையில் தண்டுக்கீரை விதையை 10 ரூபாய்க்கு, குவியல் எண்ணோடும் சோதனை நாளோடும் கூடிய உறையிலேயே வாங்கியிருக்கிறேன். பத்தில் நான்கு உறைகள் நன்றாக இருந்தன. பாலக்கும் கொடிப்பசலையும் பரவாயில்லை. சிறுகீரையும் கொத்தமல்லியும் ஏமாற்றம். கடைசி இரண்டும் உறையில் வந்திருக்கவே கூடாதவை. புதிதாகக் கீரை வளர்க்கத் தொடங்குபவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட தொகுப்புகளை விற்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. முதன்முதலாகக் கறிவேப்பிலை விதையைப் போட்டுவிட்டுத் தினமும் காலையில் போய்ப் பார்ப்பவர், தன் கைராசிதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அவர்கள் தண்டுக்கீரை, அரைக்கீரை, புளிச்சை என்று மூன்று உறைகளைத் தனித்தனியாக, தேதி பார்த்து வாங்கினாலே போதும். வெந்தயமும் தனியாவும் வீட்டிலேயே இருக்கின்றன.

நான் புகைப்படங்களோடு புகார் எழுதியதற்கு இரண்டே நாளில் பணிவான பதில் வந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். கொத்தமல்லியின் ரோஸ் நிறம் பற்றிக் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. முளைக்காத விதைகளுக்கு மாற்று அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவும் செய்தார்கள்: மீண்டும் ஒரு புதினா உறை, மீண்டும் ஒரு கறிவேப்பிலை உறை, இரண்டிலும் தேதி இல்லை. அவை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கின்றன. மாமி வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் பறவைகள் தின்று போட்ட பழங்களிலிருந்து புரட்டாசியில் தானாக முளைத்த நாற்றுகளில் இரண்டை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து குரோ பேக்கில் வைத்தேன். நேற்று பார்த்தபோது இரண்டும் புதிதாக ஈர்க்கு விட்டிருந்தன.