பழைய லாரிக்கு வைப்பர்: பிரேம் பிளேடா, பிரேம் இல்லாததா, வெறும் ரப்பர் போதுமா?

ஸ்பேர்ஸ் கடையில் டாடா லாரி மாடலைச் சொல்லி "1613-க்கு ஒரு ஜோடி வைப்பர் குடுங்ணா" என்று கேட்டு வாங்கினால் பொருந்தினாலும் பொருந்தும், பொருந்தாமலும் போகும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, கரூர்ப் பக்கத்துப் பழைய லாரிகளில் பலவற்றுக்குக் கேபின் பட்டறையில் கட்டியது. கண்ணாடி அகலமும், பிளேடைப் பிடிக்கும் ஆர்மை ஆட்டும் ஸ்பிண்டில் (அச்சு) வரும் இடமும் பட்டறைக்குப் பட்டறை மாறும். அதனால் பாக்கெட்டில் அச்சிட்ட வண்டிப் பட்டியலை விட்டுவிட்டு, பழைய பிளேடின் ரப்பரை முனைக்கு முனை அளந்துகொண்டு போங்கள். 500 மி.மீ. என்றால் 20 இஞ்ச், 600 என்றால் 24. ஒரு இஞ்ச் கூடுதலாக மாட்டினால் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் இடிக்கும், அல்லது இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று மோதும். ஆர்ம் முனைக் கொக்கியையும் பாருங்கள். மி.மீ. கணக்கில் அகலமும் கனமுமாக 9×3, 9×4, 12×4 என மூன்று அளவு உண்டு. 9×4-க்கான கிளிப்பில் 9×3 கொக்கியை மாட்டினால் ஆட்டம் கண்டு, பலத்த மழையில் பிளேடே கழன்று பறக்கும்.

வாங்க மூன்று வழி உண்டு: இரும்பு பிரேம் போட்ட முழு பிளேடு, பிரேம் இல்லாத வளைந்த பிளேடு, பழைய பிரேமிலேயே மாற்றும் ரப்பர். நான் பிரேம் பிளேடு பக்கம்தான். நல்ல கனமான பிரேம் ஒன்றை வாங்கி, பருவத்துக்கு ஒரு முறை ரப்பரை மட்டும் மாற்றுவதுதான் பழைய லாரிக்குத் தோது.

பிரேம் இல்லாதது பார்க்க அழகு, துருப்பிடிக்கும் மூட்டும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை வளைந்த கண்ணாடிக்கு ஏற்ப முன்கூட்டியே வளைக்கப்பட்டது. பட்டறைக் கேபினின் தட்டைக் கண்ணாடியில் வைத்தால் இரண்டு முனையும் முதலில் அழுந்தும். நடுப்பகுதி படிய வேண்டுமானால் ஆர்ம் ஸ்பிரிங் நன்றாக அழுத்த வேண்டும். பல வருடம் ஓடிய ஸ்பிரிங்குக்கு அந்த வலு இருக்காது. விளைவு, டிரைவர் பார்வை போகும் இடத்திலேயே ஒரு பட்டைத் தண்ணீர் துடைபடாமல் நிற்கும். பிரேம் பிளேடில் ஆறு அல்லது எட்டு நகங்கள் ரப்பரை இடம்விட்டு இடம் பிடித்து அழுத்துவதால், ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தட்டைக் கண்ணாடியில் சமாளித்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், ரப்பர் எப்போது கெடுகிறது என்பது. நம் பக்கம் ரப்பரைக் கொல்வது மழை அல்ல, வெயில். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று. அப்போதுதான் பலரும் வைப்பரைப் பார்க்கிறார்கள். எஃப்சி மாசியில் வந்தால் அப்போது மாட்டிய புது ரப்பர் பங்குனி, சித்திரை வெயிலில் நின்று, ஐப்பசி மழைக்குள் கெட்டித்துப் போகும். விளிம்பு மடங்கித் திரும்பாது. கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீர் நிற்கும். ஆகவே எஃப்சி தேதியை விட்டுவிட்டு மழையைக் கணக்கு வையுங்கள். வாளையார் தாண்டிக் கேரளா ஓடும் வண்டிக்கு வைகாசி பாதிக்குள், உள்ளூர்ச் சரக்கு ஓட்டுபவருக்குப் புரட்டாசியில் மாற்றுவது சரி. இரண்டு மழையிலும் ஓடி, ஆண்டுக்கு இரண்டு முறை முழு பிளேடு வாங்கினால் செலவு கையைக் கடிக்கும். ரப்பர் என்றால் அதில் ஒரு சிறு பங்குதான். பிரேம் இல்லாததில் பெரும்பாலும் ரப்பரை மட்டும் மாற்ற வழியில்லை, முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். என் முடிவு இந்த ஒரு காரணத்தால்தான் ஆனது.

சிமென்ட் லோடு, மட்டைமில் (தேங்காய் மட்டையில் நார் எடுக்கும் மில்) லோடு ஓட்டுபவர்களுக்கு ரப்பர் இன்னும் சீக்கிரம் போகும். காய்ந்த தூசியின்மேல் வைப்பரைப் போட்டால் விளிம்பும் தேயும், கண்ணாடியிலும் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரப்பர் மாற்றும்போது பிளேடைக் கழற்றியதும் கண்ணாடிமேல் மடித்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். வெறும் ஆர்ம் ஸ்பிரிங் வேகத்தில் திரும்பி அடித்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பூட்டு நகம் இருக்கும் முனையை நோஸ் பிளையரால் லேசாக அகட்டி ரப்பரை இழுங்கள். இரு ஓரத்திலும் இருக்கும் இரண்டு மெல்லிய கம்பிப் பட்டைகள் கூடவே வரும். அவற்றின் வளைவு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொண்டு, அதே மாதிரி புது ரப்பரின் பள்ளத்தில் போடுங்கள். பிறகு ஒவ்வொரு நகத்துக்குள்ளும் ரப்பரை நுழைக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அந்த நகம் கண்ணாடியைக் கீறி அரைவட்டக் கோடு போட்டுவிடும். அது பாலிஷுக்கும் போகாது. பழையது பூட்டியிருந்த முனையிலேயே புதியதையும் பூட்டுங்கள். பிரேமின் ரிவெட் மூட்டு கையில் லொடலொடவென்று ஆடினால் அதில் ரப்பர் மாற்றுவது வீண், பிரேமே புதிது வேண்டும்.

புது ரப்பர் போட்டும் ஒரு பக்கம் போகும்போது மட்டும் 'டக்டக்' என்று குதித்தால் குறை ரப்பரில் இல்லை. ஆர்ம் முறுகியிருக்கிறது. பிளேடைக் கழற்றிவிட்டு, இரண்டு ஸ்பேனரால் ஆர்ம் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பிளேடு கண்ணாடிக்கு நேர் நிமிர்ந்து நிற்கும்படி செய்யுங்கள். மோட்டார் ஓடியும் ஆர்ம் அசையாவிட்டால் ஸ்பிண்டில் நட்டை இறுக்குங்கள். இறுக்கியும் வழுக்கினால் ஆர்ம் தலையின் பல் தேய்ந்துவிட்டது, ஆர்ம் மாற்ற வேண்டும்.

டீசல் புகைப் படலத்தை எடுக்கக் கண்ணாடியை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது சிலர் பழக்கம். அது ரப்பரை ஊத வைக்கும். ஷாம்பு தண்ணீர் போதும். வைப்பர் நின்றுபோனால் கண்ணாடியில் புகையிலை தேய்ப்பது சிறிது நேரத்துக்குத்தான் பார்வை தரும், தொப்பூர் மலை இறக்கத்தில் அதை நம்பி இறங்காதீர்கள்.

சிலிக்கான் ரப்பர் வெயிலைக் கூடுதலாகத் தாங்குகிறது, எண்ணெய்ப் படலம் உள்ள கண்ணாடியில் அதிர்கிறது. தட்டைக் கண்ணாடி லாரியில் நான் பார்த்தது கொஞ்சம்தான், அதனால் வாங்குங்கள் என்றும் வேண்டாம் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். கம்பெனிக் கேபினும் வளைந்த கண்ணாடியும் உள்ள வண்டி, ஆர்மும் புதிது என்றால் மட்டும் பிரேம் இல்லாததைத் தாராளமாக மாட்டலாம்.